கண் சிவந்ததும் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்குறீங்களா? கொஞ்சம் பொறுங்க!

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு விவசாயம் பிரபலம். பக்கத்திலுள்ள பெரியசெவலையில் கூட்டுறவு சர்க்கரை ஆலையே இருக்கிறது. கரும்பு வெட்டும்போது சோகை கண்ணில் கீறினால், பலர் தேடுவது மெடிக்கல் ஷாப்பை. இல்லையென்றால், போன வருஷம் ‘மெட்ராஸ் ஐ’ வந்தபோது வாங்கி, பீரோவில் வைத்த மீதி மருந்தை.

பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. ஆனால், கண்ணில் இயல்பாகவே இருக்கும் பாக்டீரியாக்கள்மீது அந்த மருந்து படுகிறது. பலவீனமானவை சாக, தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. நாளை கண்ணில் நிஜமாகவே காயம் பட்டு, அந்த பாக்டீரியா உள்ளே போனால், அதே மருந்து கேட்காமல் போகலாம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளிட்ட மையங்களில், 2006 முதல் 2010 வரை கருவிழிப் புண் வந்த 500 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் ‘மாக்ஸிஃப்ளாக்ஸசின்’ சொட்டு மருந்து தரப்பட்டது. மருந்துக்கு எளிதில் அடங்காத பாக்டீரியா இருந்தவர்களுக்குப் புண் ஆறத் தாமதமானது. தழும்பும் பெரிதாக இருந்தது.

எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத கிருமி என்ன செய்யும் என்பதை 2023-ல் அமெரிக்கா பார்த்தது. தமிழ்நாட்டில் தயாரான செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தோடு தொடர்புடைய ‘சூடோமோனாஸ்’ தொற்று, 18 மாகாணங்களில் 81 பேரைத் தாக்கியது. 14 பேருக்குப் பார்வை பறிபோனது. 4 பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியிருந்தது. 4 பேர் இறந்தார்கள்.

அப்படியானால் என்ன செய்வது?

* கண்வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி... இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

* புண்ணிலிருந்து துளி சுரண்டி எடுத்துப் பரிசோதித்தால், கிருமி எது, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிந்துவிடும். சோகை, நெல் கீறிய புண்ணில் பூஞ்சையும் இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

* ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை நீங்களாகப் போடாதீர்கள். சிவப்பு குறையும், புண் உள்ளே ஆழமாகும்.

* மருத்துவர் சொன்ன நாள் வரை மருந்தைப் போடுங்கள். மீதியைப் பத்திரப்படுத்தாதீர்கள், அடுத்தவருக்கும் கொடுக்காதீர்கள்.

கருவிழியில் பூ விழுந்துவிட்டால், பார்வையைத் திரும்பப் பெற பலருக்கும் மிஞ்சுவது கண் தானத்தில் கிடைக்கும் கருவிழிதான். பீரோவில் பழைய பாட்டில் இருந்தால், இன்றே எடுத்துப் போட்டுவிடுங்கள்!