கட்டியின் ஜாதகம்

புற்றுநோய் எப்படிப் போகும் என்பதை உடலின் எதிர்ப்பு சக்தியே காட்டிக்கொடுக்கிறது. ஆனால் சோதனை சொல்லும் மருந்து கைக்கு எட்டினால்தான் பலன்.

மும்பையின் தேவ்நார் என்றதும் குப்பைமேடும் இறைச்சிக்கூடமும்தான் நினைவுக்கு வரும். இந்தியர்களின் புகையிலைப் பழக்கத்தைக் கணக்கெடுத்தவர்களின் இருப்பிடமும் அதுவே. 2009-10ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பை அங்குள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தியது. 2016-17ல் நடத்தியது அதே பகுதியில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம். இந்த இடைவெளியில் புகையிலையைத் தொடும் பெரியவர்கள் 34.6 சதவீதத்திலிருந்து 28.6 சதவீதமாகக் குறைந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் அப்போதும் 21.4 சதவீதம் பேர் குட்கா, கைனி, வெற்றிலையோடு புகையிலை என்று ஏதோ ஒரு வடிவில் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தினார்கள்.

விளைவு மருத்துவமனைகளில் தெரிகிறது. 2022ம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி, அந்த ஒரு வருடத்தில் மட்டும் இந்தியாவில் சுமார் 1.4 லட்சம் பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது. பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருகிறார்கள்.

ஒரே அளவு கட்டி, ஒரே சிகிச்சை. இருந்தும் ஒருவர் தேறுகிறார். இன்னொருவருக்குச் சில மாதங்களில் நோய் திரும்புகிறது. ஏன்? விடையின் ஒரு பகுதி நோயாளியின் எதிர்ப்பு சக்தியில் இருக்கிறது. கட்டிக்குள் லிம்போசைட் எனும் வெள்ளணுக்கள் அதிகமாகப் புகுந்திருந்தால் பொதுவாக அது நல்ல அறிகுறி: உடல் போராடுகிறது என்று பொருள். சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் துப்பு கிடைக்கும். லிம்போசைட்டுகளோடு ஒப்பிடும்போது நியூட்ரோஃபில்கள் மிக அதிகமாக இருந்தால் நோயின் போக்கு மோசமாக இருக்கக்கூடும் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. செலவு குறைவு என்பது இதன் பலம். காய்ச்சலோ வேறு தொற்றோ இருந்தாலும் இந்த விகிதம் ஏறிவிடும் என்பது பலவீனம்.

மூன்றாவது அடையாளம் பி.டி.எல்.1 என்ற புரதம். எதிர்ப்பு அணுக்களுக்கு 'பிரேக்' போட்டுத் தப்பிக்க புற்றணுக்கள் இதைப் பயன்படுத்துகின்றன. அந்த பிரேக்கை விடுவிக்கும் சிகிச்சைக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தாசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018ல் நோபல் பரிசு கிடைத்தது. தலை, கழுத்துப் புற்றுநோய் மீண்டும் வந்தவர்களிடமும் பரவியவர்களிடமும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைச் சோதித்த சர்வதேச ஆய்வு 2019ல் வெளியானது. பி.டி.எல்.1 மதிப்பெண் 20க்குக் குறையாதவர்கள் சராசரியாக 14.9 மாதங்கள் உயிர்வாழ்ந்தார்கள். பழைய சிகிச்சை பெற்றவர்களுக்கு அது 10.7 மாதம். மதிப்பெண் 1ஐத் தொட்டவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் சுருங்கியது: 12.3 மாதம், 10.3 மாதம்.

ஜாதகம் சரிதான், பரிகாரத்துக்குப் பணம்? இத்தகைய மருந்துகள் ஏழை, நடுத்தர நாடுகளில் நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூட எட்டவில்லை என்று மும்பை பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் ஆகியோரின் குழு வேறு கேள்வி கேட்டது: மருந்தின் அளவைக் குறைத்தால் என்ன?

குறைந்த செலவு மாத்திரை சிகிச்சையோடு, நிவோலுமாப் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். வழக்கமான அளவில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆய்வில் பங்கேற்றவர்கள் 151 பேர். 2022ல் வெளியான முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஒரு வருடம் கடந்தவர்கள் 16.3 சதவீதம், நிவோலுமாபும் சேர்ந்தபோது 43.4 சதவீதம். சராசரி ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமானது.

இது குணமல்ல, கூடுதலாகக் கிடைத்த அவகாசம். ஆனால் அந்த அவகாசம் வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே என்ற நிலையை மும்பை சற்றே அசைத்திருக்கிறது. இரண்டு வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணோடு உடனே மருத்துவரைப் பார்ப்பவருக்கு இந்த ஜாதகமே தேவைப்படாமல் போகலாம்.