வாவிக்கரையில் வேண்டாத மணியோசை

நிலாக்கால இரவுகளிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறு முனையைச் செவியோடு பொருத்தி மீன்பாட்டுக் கேட்பது மட்டுநகரார் பழகிய இன்பம். பாடுவது மீனா, ஊரியா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அஃது எவ்வாறாயினும், கேட்க விரும்பியவன் செவி கொடுத்தான். விரும்பாதவன் வீட்டிலே உறங்கினான்.

இன்று அதே வாவியில் வேறோர் ஓசை எழுகின்றது. எனக்குப் பழக்கமான மீனவர் ஒருவரின் மகள் பிள்ளைப்பேற்றுக்காக வைத்தியசாலையில் இருந்தாள். அவரோ தொழிலை விட முடியாமல், கைத்தொலைபேசியைப் பொலித்தீன் பையிற் சுற்றி மடியிற் கட்டிக்கொண்டு தோணியேறினார். வலை பாதி இழுத்த நிலையில் மணி ஒலித்தது. வலையைக் கைவிட்டு, ஈரக்கையைத் துடைத்து எடுத்தார். மறுமுனையில் ஓர் இளைஞன், அவருக்கென்றே வகுத்த கடன் திட்டமொன்றை இனிய குரலில் விளக்கத் தொடங்கினான். அன்று மாலைக்குள் இவ்வாறு மூன்று அழைப்புகள்.

"எடுக்காம விடவும் ஏலா மாஸ்டர், எடுத்தா இதுதான்" என்றார் என்னிடம்.

அவருடைய இலக்கம் அவர்களுக்கு எவ்வாறு கிடைத்தது? சித்திரைப் புத்தாண்டுக்குக் கடையொன்றில் பரிசுச்சீட்டு நிரப்பியது அவர் நினைவுக்கு வந்தது. பரிசு விழவில்லை, இலக்கம் மட்டும் ஊர் சுற்றியது போலும். அழைத்த இளைஞன்மீது எனக்குச் சினமில்லை. அவனும் எங்கோ எண்ணிக்கைக்குக் கூலி பெறும் ஏழை வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். ஏவியவர்களே கேள்விக்குரியவர்.

அமெரிக்காவில் 2003இலும் இந்தியாவில் 2007இலும் அழைப்பு வேண்டாதோர் பெயரைப் பதியும் தேசியப் பட்டியல்கள் தோன்றின. நல்ல முயற்சிதான். ஆயினும் 'என்னைத் தொந்தரவு செய்யாதீர்' என்று குடிமகனே சென்று விண்ணப்பிக்கவேண்டிய ஏற்பாடு அது. திருடன் வராதிருக்க வீட்டுக்காரன் பதிவு செய்வதா? ஜெர்மனியில் முறை வேறு. முன்கூட்டிச் சம்மதம் பெறாமல் விற்பனைக்காக ஒருவரை அழைப்பதே அங்குக் குற்றம். தண்டப்பணம் 3,00,000 யூரோ வரை செல்லும்.

நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இவ்வழியையே தழுவியது. விளம்பரச் செய்தி அனுப்பச் சம்மதம் வேண்டும். பின்னர் வேண்டாமென விலகுவதற்குக் கட்டணம் கூடாது. எழுத்திலே குறையில்லை. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் 2025இல் ஒத்திவைக்கப்பட்டது. விலகும் வழி எம்மொழியில் வரும் என்பதும் சிறு கேள்வியன்று. என் தொலைபேசிக்கு வரும் விளம்பரங்களின் வாலில் அவ்வழி ஆங்கிலத்திலேயே தொங்குகின்றது. படுவான்கரை உழவருக்கு அதனால் என்ன பயன்?

மூன்றாம் அழைப்பின் பின் நண்பர் வெறுத்துப்போய்த் தொலைபேசியை நிறுத்திவிட்டார். பேரன் பிறந்தது அன்றிரவு. விடியற்காலையில், வலை காயப்போடும் வேளை, அயல்வீட்டுப் பையன் தோணித்துறைக்கு ஓடிவந்து சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.