மூக்கு உடைந்த கார்: பட்டிக்குள் பதுங்கும் ஆபத்து!

முன்னால் போன பஸ் சடன் பிரேக் அடித்தது. பின்னால் வந்த கார் 'டமார்' என்று போய் முட்டியது. பம்பர் நெளிந்தது. ஒரு ஹெட்லைட் போச்சு. பானெட் லேசாகத் தூக்கிக்கொண்டது. நல்லவேளை, ஆளுக்குச் சேதமில்லை!

சென்னை அண்ணா சாலையில் இது அன்றாடக் காட்சி. அடுத்த காட்சி ஒர்க் ஷாப்பில்.

"சின்ன அடிதான் சார். டிங்கரிங் பண்ணி, பட்டி போட்டு, பெயிண்ட் அடிச்சா புது வண்டி!"

சில நாளில் கார் பளபளவென்று வெளியே வரும். ஆனால் ஸ்டீயரிங்கை விட்டால் ஒரு பக்கமாக இழுக்கும். முன் டயர் ஒன்று ஓரத்தில் மட்டும் மொட்டையாகும். அலைன்மென்ட் போட்டாலும் தீராது. சின்னக் கார்கள் பலவற்றில் அலைன்மென்ட் கடைக்காரர் திருகி மாற்ற முடிவது 'டோ' ஒன்றைத்தான். சக்கரத்தின் சாய்மானம் அவர் கையில் இல்லை. நோய் உள்ளே இருக்கிறது!

பாடிதான் எலும்பு

லாரிக்குத் தனியாகச் சேசிஸ் உண்டு. பழைய அம்பாசடரிலிருந்து இன்றைய சின்னக் கார்கள் வரை பெரும்பாலானவற்றுக்குப் பாடியேதான் சேசிஸ். எஞ்சினுக்கு இரு பக்கமும், தகட்டை மடித்துச் செய்த இரண்டு கால்கள் முன்னால் நீண்டிருக்கும். நுனியில் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம். சஸ்பென்ஷனும் இந்தக் கால்களை நம்பித்தான் நிற்கிறது. கால் கோணினால் சக்கரமும் கோணும்.

"எக்ஸ்ட்ரா தகடு வச்சு வெல்டு பண்ணி ஸ்ட்ராங்காக்கித் தர்றேன்" என்பார்கள் சிலர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதுதான் வம்பே!

இடி வாங்கினால் முன்பாகம் மடங்கி, வேகத்தைத் தான் விழுங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பவர் பிழைப்பது அப்படித்தான். மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பெலா பரேனி 1952-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1959-ல் அந்தக் கம்பெனி காரிலேயே வந்துவிட்டது. மடங்க வேண்டிய இடத்தை இரும்புக் கடப்பாரை மாதிரி ஆக்கினால், அடுத்த இடி நேரே நெஞ்சுக்குத்தான்! ஏர்பேக் உள்ள வண்டியில் அது விரியும் நேரமும் தப்பலாம்.

டேப் பொய் சொல்லாது

கண்ணால் பார்த்தால் தெரியாது. அடியில் கம்பெனியே வைத்த அளவுத் துளைகள் உண்டு. இடது முன்னிலிருந்து வலது பின், வலது முன்னிலிருந்து இடது பின் என்று குறுக்காக அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் நிம்மதி. 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் இழுத்தே தீர வேண்டும்.

எப்படி இழுப்பது? ஒரு காலத்தில் புளியமரத்தில் சங்கிலி கட்டி, வண்டியை ரிவர்ஸ் எடுப்பார்கள்! ஒன்று நிமிரும், இன்னொன்று கோணும். முறையான கடையில் கதவுக்கு அடியில் உள்ள விளிம்பை நாலு இடத்தில் கிளாம்ப் போட்டுப் பிடித்து, ஹைட்ராலிக் ஜாக்கியால் இழுக்கிறார்கள். இடி வந்த திசைக்கு நேர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. இரும்பு திரும்பச் சுருங்கும் என்பதால் ஒரு நூல் கூடுதலாக இழுத்து விடுவார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு அளவு!

வளைந்திருந்தால் இழுக்கலாம். கூர்மையாக மடிந்து போயிருந்தால் வெட்டி மாற்ற வேண்டியதுதான். கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சுவது அம்பாசடர் காலத்து வித்தை. இன்றைய உயர்பலத் தகடு அந்தச் சூட்டில் வலு இழந்துவிடும். வெல்டிங்குக்கு முன் பாட்டரி ஒயரைக் கழற்றாவிட்டால் கம்ப்யூட்டரும் காலி.

காசு யார் கொடுப்பது?

தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தால் உங்கள் வண்டிக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசி இருந்தாலும், கம்பெனிக்குச் சொல்லிவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட வேண்டும். பம்பரைக் கழற்றிய பிறகு கால் வளைந்தது தெரிந்தால், சர்வேயரை மறுபடி கூப்பிட்டுக் காட்ட வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குச் சாதாரண பாலிசியில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள்.

பழைய கார் வாங்குபவர்களே, உஷார்! பானெட்டைத் திறந்து மட்கார்டு போல்ட்டுகளைப் பாருங்கள். பெயிண்ட் உரிந்து ஸ்பானர் தடம் இருந்தால் கழற்றி மாட்டியது என்று அர்த்தம். பானெட் இடைவெளி ஒரு பக்கம் விரல் நுழைய, மறு பக்கம் காகிதம் கூட நுழையாமல் இருந்தால், விலை பேசுவதற்கு முன் வண்டியை ஜாக்கியில் ஏற்றச் சொல்லுங்கள்.