‘பி’ டீமா? அதனால் என்ன!

நெய்வேலி நகரியத்தில் மாலை நேரம். முதல் ஷிப்டு முடிந்து வந்த அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மகன் பேட்டும் கையுமாகக் கிளம்புகிறான்.

"காலேஜ் டீம்ல சேர்த்துட்டாங்களாடா?"

"‘பி’ டீம்லப்பா..."

"அதுக்கா இந்த அலைச்சல்? அப்ரண்டிசுக்கு மனு போடற வழியைப் பாரு!"

வட்டத்துக்கு வட்டம் கேட்கிற பேச்சுதான் இது. அப்பா சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் ‘பி’ டீம் அவ்வளவு மட்டமா?

‘ஏ’ டீமின் 12-வது ஆளைப் பாருங்கள். ஆட்டம் முழுக்கத் தண்ணீர் சுமக்கிறான். (இந்த வெயிலில் அதுவும் புண்ணியந்தான்!) ‘பி’ டீம் பையனோ முழு ஆட்டமும் ஆடுகிறான். பந்து போடுகிறான், உதை வாங்குகிறான், மறுநாள் திருத்திக்கொள்கிறான்.

கல்லூரியை விடுங்கள், கிளப் கிரிக்கெட்டிலும் இதே கதைதான். கட்டடக் கலை படித்த வருண் சக்கரவர்த்தி முதலில் வேகப்பந்து போட்டவர். முழங்காலில் அடிபட்டதும் சுழற்பந்துக்கு மாறினார். புது வித்தையைப் பழக எங்கே போனார்? சென்னை லீக்கின் நான்காவது டிவிஷனுக்கு! 2017-18-ல் ஜூபிலி கிளப்புக்காக 7 ஆட்டங்களில் 31 விக்கெட்! மேல் டிவிஷனில் அத்தனை ஓவர் யார் கொடுத்திருப்பார்கள்?

2019 ஐ.பி.எல்.லுக்கு அவர் ஏலம் போன விலை 8 கோடியே 40 லட்சம் ரூபாய். 2021-ல் இந்திய அணி.

எல்லாப் பையனுக்கும் கோடி வராது, வாஸ்தவம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ‘பி’ டீம் மேட்ச் என்றால் அப்பாவும் ஒரு நடை போய்ப் பார்க்கலாமே? அப்ரண்டிஸ் மனுவைத் திங்கட்கிழமை போட்டால் போகிறது!