சென்னைக்குப் போகிற பிள்ளை கேட்டு வாங்க வேண்டியவை

2015ஆம் வருஷம் முசிறிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவியும் அவருடைய அம்மாவும் வேளாண் படிப்புக் கலந்தாய்வுக்காக விடிகாலையில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வந்து நின்றார்கள். கலந்தாய்வு நடந்ததோ கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில். அங்கிருக்கும் அண்ணா அரங்கத்தை அண்ணா பல்கலைக்கழகம் என்று எடுத்துக்கொண்டதில் வந்த வினை. காலை நடைக்கு வந்த சிலர் விஷயத்தைக் கேட்டு, கைக்காசு போட்டு இருவரையும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். பல்கலைக்கழகமும் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டது, இடம் கிடைத்தது. நல்ல மனிதர்கள். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் வாசலில் இப்படி நாலு பேர் நிற்பார்கள் என்று நம்பி அனுப்ப முடியாது. சென்னையில் அண்ணா சாலை வேறு, அண்ணா நகர் வேறு, அண்ணா பல்கலைக்கழகம் வேறு. ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர். கடிதத்தில் உள்ள முகவரியைப் பின்கோடு வரை படித்து, அதிலிருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொண்டுதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்துச் சேத்தூர், தேவதானம், முகவூர், தளவாய்புரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். முன்பெல்லாம் பொறியியல் கலந்தாய்வுக்கு அப்பாவோ மாமாவோ கூட வருவார். கலந்தாய்வுக் கடிதத்தைக் காட்டினால் அரசு பஸ்ஸில் பாதிக் கட்டணம். ஒரு நாள் நகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். 2018 முதல் கலந்தாய்வு இணையத்துக்குப் போய்விட்டது. வீட்டிலிருந்தபடியே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாம், நல்லதுதான். அதனால் பலருக்கு முதல் சென்னைப் பயணமே பெட்டி படுக்கையோடு குடிபோகிற பயணமாகிவிட்டது. ஒத்திகையே கிடையாது.

வழி சொல்லும் உறவினர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் பழைய வரைபடத்தை வைத்துச் சொல்கிறார்கள். "கோயம்பேட்டுல இறங்கிரு" என்பது இப்போது தவறான அறிவுரை. தென்மாவட்ட பஸ்களுக்காக வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று புதிய பேருந்து முனையம் திறந்தார்கள். அங்கிருந்து கோயம்பேடு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். விடிகாலை நாலு மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிறவரை "கோயம்பேடா, வாங்க" என்று அழைத்துப்போக ஆள் நிற்கும். உள்ளேயே மாநகர பஸ் நிற்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகர பஸ்ஸில் டிக்கெட் காசு கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து இது நடைமுறை.

ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ரயில் ஏறுகிறவர்கள், கல்லூரி கிண்டி, சைதாப்பேட்டைப் பக்கம் என்றால், எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் பத்து ரூபாய்க்குள் வேலை முடியும். இங்கே புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கூட்டமில்லாத பெட்டியாக ஒன்று கண்ணில் படும், ஓடி ஏறுவார்கள், அது முதல் வகுப்பாக இருக்கும். சாதாரண டிக்கெட்டோடு பிடிபட்டால் வித்தியாசக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். பெண்கள் பெட்டியில் ஆண் ஏறுவது ரயில்வே சட்டப்படி தனிக் குற்றம். அபராதம் கட்ட நேர்ந்தால் கட்டுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண் துணையின்றித் தனியாக வரும் பெண்ணிடம் டிக்கெட் இல்லை என்றாலும், இரவில் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் அவரை இறக்கிவிட முடியாது. அவர் பயணம் தொடங்கிய நிலையம், ரயில் முடியும் நிலையம், ஜங்ஷன், மாவட்டத் தலைநகர் நிலையம், அதுவும் பகலில்தான் என்று 1989ஆம் வருஷ ரயில்வே சட்டத்தின் 139ஆம் பிரிவு சொல்கிறது. ரயிலில் உதவிக்கு அழைக்கும் எண்ணும் 139தான். ஞாபகம் வைத்துக்கொள்ளத் தோதானது.

ஆட்டோ விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அந்த விலைக்கு இன்று யாரும் ஓட்டுவதில்லை; ஓட்டுநர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பேரம் பேசி ஜெயிக்கப் பார்ப்பதைவிட, செயலியில் தொகையைப் பார்த்துவிட்டு ஏறுவது நல்லது.

உண்மையான ஆபத்து தெருவில் இல்லை, கல்லூரி அலுவலக ஜன்னலில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆட்டோவில் போனால் நூறு இருநூறு போகும். அந்த ஜன்னலில் போவது அசல் சான்றிதழ்களும் அப்பா வட்டிக்கு வாங்கிய பணமும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இதைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களை மாணவர் முன்னிலையிலேயே சரிபார்த்து உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சுயசான்றொப்பமிட்ட நகல்களை மட்டும் கல்லூரி வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் "பல்கலைக்கழக ஒப்புதலுக்கு அனுப்பணும், வச்சிட்டுப் போங்க" என்று பல இடங்களில் கேட்கத்தான் செய்கிறார்கள். முதல் நாளே அலுவலகத்தில் சண்டை போட எந்த மாணவருக்கும் தைரியம் வராது, போடவும் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளை நீட்டினால் போதும். "பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலைப் பெற்றுக்கொண்டோம்" என்று வீட்டிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே கையெழுத்தும் தேதியும் முத்திரையும் மட்டும் அவர்கள் போட வேண்டும். "எங்க காலேஜ்ல இதெல்லாம் வழக்கமில்ல" என்று பதில் வரலாம். அப்படியானால் அந்தத் தாளை ஸ்கேன் செய்து, "இன்று இந்தச் சான்றிதழ்களை ஒப்படைத்தேன்" என்ற ஒரு வரியோடு கல்லூரியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு அன்று மாலையே அனுப்பிவிடுங்கள். மறுப்புச் சொல்லாத வரை அதுவும் ஒரு சாட்சிதான். மதிப்பெண் சான்றிதழை டிஜிலாக்கரிலும் இறக்கி வைத்திருங்கள்.

பணத்துக்கும் அதே அறிவிக்கையில் கணக்கு இருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும். அதில் ஐந்து சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் நடைமுறைச் செலவாகப் பிடிக்கலாம். பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து பதினைந்து நாள் வரை 80, முப்பது நாள் வரை 50. அதற்குப் பிறகு கட்டணம் திரும்பாது. ஆனால் காப்புத்தொகையை எந்த நிலையிலும் பிடித்துவைக்க முடியாது. எழுத்துமூலம் விண்ணப்பித்த பதினைந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் நல்ல கல்லூரி கிடைத்தும், கட்டிய பணம் போய்விடுமே என்று பயந்து முதல் கல்லூரியிலேயே இருந்துவிடுகிற பிள்ளைகளுக்கு இந்த நாலு எண்கள் தெரிந்தாக வேண்டும். கல்லூரி மறுத்தால், 2023ஆம் வருஷ விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். குழுவின் முடிவு சரியில்லை என்றால் பல்கலைக்கழகம் நியமித்த குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கட்டணத்துக்கு மேல் "நன்கொடை" கேட்டால் அது குற்றம். 1992லேயே தமிழ்நாட்டில் இதற்குச் சட்டம் வந்துவிட்டது. சீட்டு வாங்கித் தருகிறேன் என்று வருகிற ஏஜென்ட் ரசீது தர மாட்டார் என்பதே போதும், ஆளைப் புரிந்துகொள்ள.

அடுத்தது தங்குமிடம். 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியின் உரிமையாளரைப் போலீஸ் கைது செய்தது. அறைகளில் ரகசியக் கேமரா வைத்திருந்தார். சுவிட்ச் போர்டில் பிளக் சரியாக நுழையாமல் நின்றதைக் கவனித்த ஒரு பெண், என்னவென்று பார்க்கப் போய்த்தான் அது வெளிவந்தது. பெண்கள் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றாக வேண்டும் என்று 2014ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. அறையைப் பார்க்கப் போகும்போது "லைசென்ஸ் காப்பி காட்டுங்க ஆன்ட்டி" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தில் தங்க வேண்டாம்.

பையன்கள் நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்தால், பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையின் பழைய பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு என்கிறது. அந்த "வேறு ஒப்பந்தம்" என்ற ஓட்டைக்குள் சென்னை முழுவதும் புகுந்துகொள்கிறது என்பது வேறு கதை. ஆகவே கையெழுத்துப் போடுமுன் காலி செய்யும்போது எவ்வளவு பிடிப்பார்கள், பெயின்ட் அடிக்க யார் செலவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வைத்துவிடுங்கள். அட்வான்ஸை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

ராகிங்கைப் பற்றிப் பெற்றோர் இன்னும் 1996ஐ நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். பயப்படக் காரணமும் இருக்கிறது. அந்த வருஷம் நவம்பரில்தான் அண்ணாமலை பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அடுத்த வருஷமே தமிழ்நாடு ராகிங்கைத் தடைசெய்து சட்டம் போட்டது. இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். இப்போது ராகிங் பெரும்பாலும் போனில் தொடங்குகிறது. சீனியர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து ஏவல் வேலை வாங்குவது, சொன்னதைச் செய்யாவிட்டால் ஒதுக்கிவைப்பது. இதுவும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. இலவச எண் 1800-180-5522, இரவு பகல் எந்நேரமும். குழுவிலிருந்து வெளியேறும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

போன் தொலைந்தால் என்ன செய்வது என்பதைவிட, வங்கிக் கணக்கை இரவல் கொடுத்து எப்படி மாட்டிக்கொள்வோம் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. "உன் பேங்க் அக்கவுன்ட் ஒரு மாசத்துக்குக் குடு மச்சி, ரெண்டாயிரம் கமிஷன்" என்று ஒருவன் வருவான். நல்லவனாகவும் தெரிவான், கேன்டீனில் டீ வாங்கித் தந்தவனாகவும் இருப்பான். அந்தக் கணக்கில் வந்து போகிற பணம் எங்கோ ஏமாற்றப்பட்ட ஒருவருடையது. போலீஸ் தேடி வரும்போது கணக்கில் இருக்கிற பெயர் உங்களுடையது. படிப்பு முடியும்முன்பே வழக்கில் பெயர் சேர்ந்துவிடும். ஏடிஎம் கார்டு, சிம், கணக்கு மூன்றையும் யாருக்கும் இரவல் தராதீர்கள். நீங்களே ஏமாந்துவிட்டால் தயங்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பே முடக்குவதுதான் அவர்கள் வேலை, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

போன் திருட்டுப் போனால் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போங்கள். "இது எங்க லிமிட் இல்லப்பா" என்று திருப்பி அனுப்பக்கூடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம் என்கிறது. குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்த ரசீதும் போனின் ஐஎம்இஐ எண்ணும் இருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்தக் கருவியை நாடு முழுக்க முடக்கிவிடலாம். *#06# அழுத்தினால் எண் வரும். போன் கையில் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் பலர் மறப்பது.

இவ்வளவும் சென்னையில் நடக்கிறது, வழக்கென்று வந்தால் அங்கேயே அலைய வேண்டுமே என்று வீட்டில் கையை விரித்துவிடுகிறார்கள். விடுதிக்காரர் அட்வான்ஸைத் தரவில்லை, பயிற்சி மையம் வகுப்பை நடத்தாமல் பணத்தைப் பிடித்துக்கொண்டது, ஆம்னி பஸ் பாதி வழியில் இறக்கிவிட்டது என்றால், 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார்தாரர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேத்தூர்க்காரருக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருப்பது அங்கேதான். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கல்லூரிக் கட்டணத் தகராறை மட்டும் இங்கே கொண்டுவந்து பயனில்லை. கல்வியை நுகர்வோர் சேவையாக உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, அதற்கு முன்சொன்ன குறைதீர் குழுதான் வழி. வழக்குக்கு முன்பே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பேசிப்பார்த்தால் சிலது அங்கேயே முடிந்துவிடும். சட்ட உதவி வேண்டுமானால் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அதே ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில்தான். நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பிள்ளை ஊருக்கு வரும்போது ரசீது நகல்களோடு ஒரு வேலை நாளில் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம்.