கருமணல் முழுக்கக் கருப்பு இல்ல: மைக்ரோஸ்கோப்பில் நம்ம கடற்கரை

மணவாளக்குறிச்சி, சின்னவிளை பக்கம் கடற்கரையில நடந்தவங்க கவனிச்சிருப்பீங்க. அலை இறங்கின இடத்துல கருப்பா ஒரு கோடு, அது பக்கத்துலயே ரோஸ் கலர்ல ஒரு வரி. எல்லாத்துக்கும் சேர்த்து "கருமணல்"னு ஒரே பேரு வச்சிருக்கோம். பேச்சு வந்தா ஒருத்தர் "அது வெறும் மண்ணு"ம்பாரு, இன்னொருத்தர் "கருப்பா இருக்கிறது எல்லாமே கதிர்வீச்சு"ம்பாரு. ரெண்டும் சரியில்ல. லேப்ல கிடக்கிற காம்பவுண்ட் மைக்ரோஸ்கோப்பும் ஒரு சிட்டிகை மணலும் இருந்தா, ஏன் சரியில்லன்னு நாமளே பாத்துக்கிடலாம்.

கொஞ்சம் பின்கதை

1909-ல ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர்ல இருந்து போன கயிறுல ஒட்டியிருந்த மணல்ல மோனசைட் இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. மோனசைட்ல தோரியம் உண்டு. அந்தக் காலத்து கேஸ் விளக்கு மேன்டிலுக்கு தோரியம் தேவைப்பட்டதால, மணவாளக்குறிச்சி மணலுக்கு உலகச் சந்தையில மவுசு வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம், 1950-ல, ஐ.ஆர்.இ. நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்னைக்கும் அங்க இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சிலிமனைட், மோனசைட்னு தனித்தனியா பிரிக்கிறாங்க. காந்தம், மின்புலம், அடர்த்தி வித்தியாசம் இதெல்லாம் பிரிக்கிற வழிகள். பிரிஞ்சது சரியான்னு தெரிய, கடைசியில மணியை மைக்ரோஸ்கோப்ல எண்ணிப் பாக்கிறது தாதுமணல் லேப்கள்ல வழக்கமான வேலை.

ஸ்லைடு தயாரிப்பு

மணலை நல்ல தண்ணியில ரெண்டு தடவ அலசி உப்பைப் போக்கி, காய வைங்க. ஸ்லைடுல ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டு, அதுமேல ஐம்பது அறுபது மணி மட்டும் தூவி கவர் ஸ்லிப் வைங்க. மணி மேல மணி ஏறக் கூடாது.

ஏன் கிராம்பு எண்ணெய்? அதோட ஒளிவிலகல் எண் சுமார் 1.53, குவார்ட்ஸுக்கு 1.54. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுங்கிறதால குவார்ட்ஸோட ஓரம் மங்கிப் போயிரும். சிர்கானுக்கு 1.9-க்கு மேல, அதனால அது தடிச்ச கருப்பு ஓரத்தோட தனியா தெரியும். தண்ணி (1.33) விட்டா குவார்ட்ஸுக்கும் ஓரம் தெரியும், பிரிச்சுப் பாக்க கஷ்டம். நம்ம மலைத் தோட்டத்துக் கிராம்புக்கு இப்படியும் ஒரு உபயோகம்! ஆனா எண்ணெய் லென்ஸ்ல படக் கூடாது. சில பிளாஸ்டிக்கையும் அது கரைச்சிரும், அதனால கண்ணாடி ஸ்லைடுதான் வேணும்.

மைக்ரோஸ்கோப்பை செட் பண்றது

1. தூக்கும்போது ஒரு கை ஆர்ம்ல, ஒரு கை அடியில. லைட்டைக் குறைச்சு வச்சு ஆன் பண்ணுங்க.

2. 4 எக்ஸ் ஆப்ஜெக்டிவை "கிளிக்"னு உக்கார வைங்க. ஸ்டேஜை இறக்கி ஸ்லைடை கிளிப்ல மாட்டுங்க.

3. கண்டென்சரை ஏறக்குறைய மேல கொண்டு போங்க. டயஃப்ரம் பாதி திறந்திருக்கட்டும்.

4. பக்கவாட்டுல பாத்துக்கிட்டே பெரிய திருகுல ஸ்டேஜை மேல ஏத்துங்க. அதுக்கப்புறம்தான் ஐபீஸ்ல கண்ணை வச்சு, மெதுவா கீழ இறக்கி ஃபோகஸ் தேடணும். லென்ஸை விட்டு விலகும்போது தேடினா இடிக்க வாய்ப்பில்ல.

5. ரெண்டு ஐபீஸ் இருந்தா, ரெண்டு வட்டமும் ஒண்ணாகிற வரை அகலத்தை சரி பண்ணுங்க. வளையம் இல்லாத ஐபீஸ்ல ஒரு கண்ணால மட்டும் பாத்து ஃபோகஸ் வச்சுட்டு, மறு கண்ணுக்கு டயாப்டர் வளையத்தைத் திருப்புங்க. தலைவலி வராது.

6. 10 எக்ஸுக்கு மாத்துங்க. இனிமே சின்னத் திருகு மட்டும்தான்.

இதோட நிறுத்திக்கிடணும் மக்கா. 40 எக்ஸ் லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் இடையில அரை மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி இருக்கும். குவார்ட்ஸோட கடினம் 7, கண்ணாடிக்கு சுமார் 5.5. மணி ஒண்ணு உரசினா லென்ஸ்ல கீறல் நிச்சயம்.

டயஃப்ரமை வெளிச்சம் குறைக்கப் பயன்படுத்தாதீங்க, அதுக்கு லைட் திருகு இருக்கு. டயஃப்ரமை மூடினா ஓரங்கள் எடுப்பாத் தெரியும், ஆனா நுணுக்கம் போயிரும். பிரிச்சுப் பாக்கிற எல்லை 0.61 × அலைநீளம் ÷ என்.ஏ. 10 எக்ஸ்ல என்.ஏ. 0.25, பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் போட்டா 1.3 மைக்ரான் வரும். மணலுக்கு இது தாராளம்.

எது எது

ஐபீஸ்ல ஃபீல்டு நம்பர் 18-ன்னா, 10 எக்ஸ்ல தெரியிற வட்டம் 18 ÷ 10 = 1.8 மி.மீ. வட்டத்துல ஒன்பதுல ஒரு பங்கு அகலம் இருக்கிற மணி 0.2 மி.மீ.

ஒளி புகாம கருப்பா நிக்கிறது பெரும்பாலும் இல்மனைட். மேல இருந்து போன் டார்ச் அடிச்சா உலோகம் மாதிரி மின்னும். ரோஸா, கண்ணாடி மாதிரி இருக்கிறது கார்னெட். அடர்ந்த செம்பழுப்பு ரூட்டைல். நிறமில்லாம, ஓரம் தடிச்சு, நீள்வாக்குல இருந்தா சிர்கான். நீளமா, நார் நாரா கோடு ஓடினா சிலிமனைட். தேன் நிறத்துல, முட்டை மாதிரி உருண்டு இருக்கிறதுதான் மோனசைட்.

இப்ப அந்தச் சண்டைக்கு வருவோம். தோரியம் முக்கியமா இருக்கிறது அந்த மஞ்சள் மணியில. நம்ம நாட்டு மோனசைட்ல சுமார் 8 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்ஸைடு இருக்கு. கோட்டைக் கருப்பாக்குற இல்மனைட் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்ஸைடு. கருப்பைப் பாத்து பயப்படுறதும், மஞ்சளைப் பாக்காம "ஒண்ணுமில்ல"ன்னு சொல்றதும் ஒரே மாதிரி அவசரம்தான்.

எண்ணும்போது

முந்நூறு மணியாவது எண்ணுங்க. எண்ணிக்கை சதவீதம் எடை சதவீதம் ஆகாது. ஒரே அளவுல 100 குவார்ட்ஸ் (அடர்த்தி 2.65), 100 இல்மனைட் (4.7) இருந்தா எண்ணிக்கையில பாதிப் பாதி, எடையில இல்மனைட் 64 சதவீதம்.

எங்க அள்ளினோம்ங்கிறது அதைவிட முக்கியம். அலை லேசான குவார்ட்ஸைக் கழுவிட்டு கனமானதை விட்டுட்டுப் போறதாலதான் கருப்புக் கோடே விழுது. அந்தக் கோட்டுல ஒரு சிட்டிகை, பத்தடி மேல ஒரு சிட்டிகை எடுத்தா ரெண்டு வேற கணக்கு வரும். ஒரே ஸ்லைடை வச்சு ஒரு ஊருக்கே தீர்ப்பு சொல்ல முடியாது. மைக்ரோஸ்கோப் மணி எதுன்னு சொல்லும். கதிர்வீச்சு எவ்வளவுன்னு சொல்லாது. அதுக்கு டோஸ் மீட்டர் வேணும். ஒரு சிட்டிகைக்கு மேல அள்ளவும் வேண்டாம், தொட்டா கை கழுவிருங்க.

முடிச்சதும் 4 எக்ஸுக்குத் திருப்பி, ஸ்லைடை எடுத்து, லென்ஸை லென்ஸ் பேப்பரால மட்டும் துடைங்க. தோர்த்தும் சட்டை நுனியும் வேண்டாம். நம்ம ஊருக்கு ரெண்டு மழைக்காலம். ஈரத்துல லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும். உறை போட்டு, பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

அடுத்த தடவ கடற்கரைக்குப் போனா ரெண்டு சின்ன கவர் கொண்டு போங்க: ஒண்ணு கருப்புக் கோட்டுக்கு, இன்னொண்ணு மேல இருக்கிற வெள்ளை மணலுக்கு. எடுத்த இடத்தையும் தேதியையும் கவர் மேலயே எழுதிருங்க.