முனிர்கா வானில் மங்கும் கார்த்திகை

புதுதில்லி: தெற்கு தில்லியின் முனிர்காவில் தொலைநோக்கியை நிறுத்த மொட்டைமாடியை விட்டால் வேறு இடமில்லை. வெளிவட்டச் சாலையின் விளக்குகளும், நெருங்கி உயர்ந்த கட்டடங்களும், மேற்கே விமான நிலையத்தின் ஒளியும் வானைச் சூழ்ந்துள்ளன. வானியலைப் பொழுதுபோக்காகக் கொண்டோருக்கு இங்கு எஞ்சியிருப்பவை நிலவும், கோள்களும், ஒளிமிக்க சில விண்மீன்களுமே.

முனிர்காவை அடுத்த ராமகிருஷ்ணபுரத்தில், தில்லித் தமிழர்கள் திரளும் மலைமந்திர் முருகன் கோயில் உள்ளது. முருகனை வளர்த்ததாகப் போற்றப்படும் கார்த்திகைப் பெண்களே வானில் அறுமீன் கூட்டம் என்பது மரபு. ஆனால், அந்த ஆறையும் இப்பகுதியில் நின்று வெறுங்கண்ணால் எண்ணுவது அரிது.

எனினும், படம் பிடிப்பவர்கள் ஓயவில்லை. வியாழனையும் சனியையும் சில நிமிடங்கள் விடியோவாகப் பதிவு செய்து, அதிலுள்ள ஆயிரக்கணக்கான படங்களில் தெளிவானவற்றை மட்டும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றனர். காற்றின் அலைவால் நேரும் கலக்கம் குறைந்து, வியாழனின் பட்டைகளும் சனியின் வளையமும் துலங்குகின்றன. கோள்கள் பிரகாசமானவை என்பதால் நகர ஒளியையும் மீறித் தெரிகின்றன. மங்கலான நெபுலாக்களுக்கும் அண்டங்களுக்கும் அந்த வாய்ப்பில்லை.

பருவமும் கைகொடுப்பதில்லை. மழை ஓய்ந்த செப்டம்பரில் வான் சற்றுத் தெளிகிறது. ஓரியன் நெபுலா முன்னிரவிலேயே உயரும் குளிர்காலத்திலோ புகையும் மூடுபனியும் கவிந்துவிடுகின்றன.

விளக்கு மாறியது

தெருவிளக்குகளுக்கான தேசியத் திட்டம் 2015-இல் தொடங்கியது. அப்போதைய தெற்கு தில்லி மாநகராட்சிப் பகுதியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விளக்குகள் எல்.இ.டி.யாக மாற்றப்பட்டு, 2017 ஜனவரியில் அப்பணி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மின்சாரம் மிச்சமானது உண்மை. ஆனால், பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை வடிகட்டியால் பெருமளவு தடுக்க முடிந்தது. வெள்ளை எல்.இ.டி. ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருப்பதால் அது எளிதல்ல. அதிலுள்ள நீல ஒளி காற்றில் கூடுதலாகச் சிதறவும் செய்கிறது.

சட்டம் எங்கே?

1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1987-இல் செய்யப்பட்ட திருத்தம் ஒலியையும் மாசாகச் சேர்த்தது. 2000-இல் ஒலி மாசு விதிகளும் வந்தன. ஒளிக்கு அத்தகைய தேசியச் சட்டம் இல்லை.

பிரான்ஸில் கடைகளின் காட்சி விளக்குகளை நள்ளிரவு 1 மணிக்குள் அணைக்க வேண்டும் என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலும் முன்னுதாரணம் உண்டு. லடாக்கின் ஹான்லேயில் 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 டிசம்பரில் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்தினர் விளக்குகளுக்கு மறைப்பு இட்டு, ஜன்னல்களுக்குத் திரை கட்டி ஒத்துழைக்கின்றனர்.

தில்லியை ஹான்லே ஆக்க எவரும் கோரவில்லை. சாலைக்கும் பாதுகாப்புக்கும் வெளிச்சம் தேவை. ஆனால், வானை நோக்கிச் செல்லும் ஒளி சாலைக்கும் உதவாது, பாதசாரிக்கும் உதவாது. வீணாகும் மின்சாரத்துக்கான கட்டணம் மட்டும் வரிப்பணத்திலிருந்து செல்கிறது. கீழ்நோக்கி மட்டும் ஒளிரும் மறைப்பும், நள்ளிரவுக்குப் பின் விளம்பரப் பலகைகளுக்கு ஓய்வும் மாநகராட்சி எடுக்கக்கூடிய முடிவுகளே. எடுத்தால், முனிர்காவின் பிள்ளைகள் கார்த்திகையைப் படத்தில் மட்டுமன்றி வானிலும் காண்பர்.